பிரிய வேண்டிய தையல்

திருப்பூர் நல்லூரில் ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனியில் ஒரு மாதமே வேலை பார்த்தவர்களைக் கேட்டாலும் சூபர்வைசர் தெய்வாத்தாளின் கட்டைவிரல்களைப் பற்றிச் சொல்வார்கள். தைத்து முடித்த துணி எதுவாக இருந்தாலும் சரி, அவள் மேசைக்கு வந்துவிட்டால், தையலுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை ஊன்றி ஒரே இழுப்பு. தாங்கினால் அடுத்த துணி. தாங்கவில்லை என்றால் போச்சு. தைத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மிஷின் லைன் முழுக்கக் கேட்கும்படி, "இதைய மாட்டீட்டு நீ தேர் பாக்கப் போவியா கண்ணு?" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டமாட்டாள். அந்தக் 'கண்ணு'வுக்குப் பயந்தே பெண்கள் ஒழுங்காகத் தைத்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் கருப்புசாமியை வைத்து ஒரு கேலி உண்டு. அவர் சட்டை துவைத்துத் துவைத்துத் துணி நைந்து போய்விடுமாம், கொடியில் தையல் மட்டும் தொங்குமாம். இதைக் கேட்டால் தெய்வாத்தாளுக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும்.

அந்தப் பெருமைக்குக் கீழே ஒரு பழைய காயம் இருந்தது. சேவூரில் கிணறு வற்றிப்போய், கல்யாணத்துக்கு முன்பே திருப்பூருக்குக் கைமடி வேலைக்கு வந்தவள் அவள். தையல்காரருக்குத் துணியை மடித்து மடித்து எடுத்துக் கொடுப்பதுதான் கைமடி. அங்கிருந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்த புதிதில், அவள் தைத்த பனியன் ஒன்று அக்குளில் பிரிந்துவிட்டது. அன்றைக்கிருந்த காண்ட்ராக்டர் அதைத் தன் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் நடுவில் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். ஷெட்டே சிரித்தது. பத்தொன்பது வயதுப் பெண் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். அன்று தொடங்கியதுதான் அந்தக் கட்டைவிரல் பழக்கம்.

ஈஸ்வரமூர்த்தியும் சேவூர்க்காரர்தான். தோட்டத்தை விற்று நாலு மிஷின் போட்ட நாளிலிருந்து அவள் அவரிடம் இருக்கிறாள். அவர் அவளை 'அக்கா' என்பார், அவள் அவரைத் 'தம்பி' என்பாள். அவளுக்குத் தெரியாமல் அந்தக் கம்பெனியில் ஒரு நூல்கண்டு நகராது.

அமெரிக்கா வரியைக் கூட்டிய வருடம் அந்தக் கம்பெனியில் பாதி மிஷின்களுக்குத் துணி போர்த்திவிட்டார்கள். ஆர்டர் இல்லை. பெண்கள் காலையில் வந்து டீ குடித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் ஈஸ்வரமூர்த்தி எங்கெங்கோ அலைந்து ஒரு வேலையைப் பிடித்து வந்தார். நம் நாட்டுக் கம்பெனி ஒன்று புதிதாக ஒரு சின்னக் கார் செய்கிறது. அதன் சீட்டுக்கு உறை தைக்க வேண்டும்.

கார் செய்யும் நாடு என்று பேர் வாங்குவது லேசான காரியம் இல்லை. முதலில் வெளிநாட்டுக் காரை முழுசாக வாங்கி ஓட்டுகிறோம். அப்புறம் பாகம் பாகமாகப் பெட்டியில் இறக்கி இங்கே பூட்டுகிறோம். அப்புறம் டயர் நம்முடையது, கண்ணாடி நம்முடையது, கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினும் நம்முடையது ஆகிறது. பேப்பரில் எஞ்சினைப் பற்றித்தான் எழுதுவார்கள். சீட்டுக்கு உறை தைப்பவளைப் பற்றி ஒரு வரி வராது. ஆனால் அந்த உறையும் கொரியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்துகொண்டிருக்கும் வரைக்கும் அது முழுசாக நம் கார் ஆகாது. ஈஸ்வரமூர்த்தி இதையெல்லாம் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னார். "இத்தனை நாளா ஊருக்கெல்லாம் பனியன் தெச்சோமுங்க. இனி காருக்குச் சட்டை தெக்கப் போறோம்" என்று முடித்தார். பெண்கள் கைதட்டினார்கள். தெய்வாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சொல்லிக் கொடுக்க வந்தவர் பிரதீப். சீட்டு செய்யும் கம்பெனியின் எஞ்சினியர், கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். லேப்டாப்பைத் திறந்து வைத்து, பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலுமாகச் சொன்னார். முதல் பாதியைத் தெய்வாத்தாள் கூர்ந்து கேட்டாள். நடுவில் கீழே லாரிக்காரன் வந்து கத்த, அவள் இறங்கிப் போக வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தபோது பிரதீப் சீட்டின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத் தையலைக் காட்டி, மெல்லிய பச்சை நூல் சுற்றிய பாபினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துல மட்டும் இந்த நூலுதானுங்க. ஒரே வரிசை. மேல மறுபடி ஓட்டவே கூடாது. தையலை எண்ணிப் பாக்கற மிஷின் ஒண்ணு பின்னால வரும், அதுவரைக்கும் நீங்கதான் கவனமாப் பாத்துக்கோணும். புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

புரியவில்லை. ஏன் மெல்லிய நூல், ஏன் ஒரே வரிசை என்று அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் அத்தனை பெண்களுக்கு நடுவில், சூபர்வைசர் என்று நிற்பவள், மகன் வயதுப் பையனிடம் 'எனக்குத் தெரியலைங்க, திரும்பச் சொல்லுங்க' என்று கேட்பதா? வாய் தானாகச் 'சரிங்க, சரிங்க' என்றது. எங்கள் பக்கத்தில் தலையாட்டுவது மரியாதை. அந்த மரியாதையில் எத்தனை விஷயம் காதுக்குள் போகாமலே போயிருக்கிறது என்று கணக்கெடுத்தால் மானம் போய்விடும்.

முதல் தவணை உறைகள் தைத்து முடிந்தன. பெரிய வேலை இல்லை, சோதனைக்கு என்று கேட்ட கொஞ்சம் உறைகள்தான். கட்டிப் போடுவதற்கு முன் தெய்வாத்தாள் வழக்கம்போல ஒன்றை எடுத்தாள். கட்டைவிரலை ஊன்றினாள். இழுத்தாள்.

டப்பென்று பிரிந்தது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் பிரிந்தது. அந்த முழ நீளத்தில் மட்டும் எல்லாமே அப்படித்தான். லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்குகிறவன் உட்கார்ந்து எழுந்தால் பிரிந்துவிடாதா? திருப்பூர்க்காரிகள் தைத்தது இதுதானா என்று சிரிக்கமாட்டானா? அவளுக்கு அந்தக் காண்ட்ராக்டர் கையைத் தூக்கிக் காட்டியது அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

அந்தத் தையலைப் போட்டவள் வேல்விழி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

"வேலு, இதுக்கு உள்பக்கமா, ஒட்டுனாப்பல, நம்ம கெட்டி நூல்ல இன்னொரு வரிசை ஓட்டிப்போடு கண்ணு. வெளிய தெரியக் கூடாது."

"என்னக்கா இது? மறுபடி ஓட்டக் கூடாதுன்னு அந்த சாரு படிச்சுப் படிச்சுச் சொன்னாகல்ல? ஏன்னு நீங்க கீழ போயிருந்தப்ப சொன்னாக. உள்ள பலூனு இருக்காம்க்கா. அதுக்காகத்தான் இப்படியாம்."

"பலூனா?" தெய்வாத்தாள் லைனைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா புள்ளைகளா? காருக்குள்ள பலூனு விக்கறாங்களாமா! நம்ம வேலுக்கு ரெண்டு வாங்கிக் கொடுத்தா ஊட்ல தோரணம் கட்டிக்குவா."

லைன் முழுக்கச் சிரித்தது. பிரதீப் சொன்னதைக் கேட்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சூபர்வைசர் சிரிப்புக் காட்டினால் சிரிக்காமல் இருக்க முடியுமா? வேல்விழியின் முகம் சுண்டிப்போனது. குனிந்து உட்கார்ந்து, எல்லா உறைகளிலும் உள்ளுக்குள் ஒரு கெட்டி வரிசையை ஓட்டிக் கொடுத்தாள். தெய்வாத்தாள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

உறைகள் போயின. சீட்டுக் கம்பெனியில் வாங்கிக்கொண்டவர்கள் வெளித் தையலையும் நூலின் நிறத்தையும் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். சில உறைகள் சோதனைக் கூடத்துக்குப் போயின. மீதியைச் சோதனைக் கார்களில் மாட்டி, ரோட்டில் அன்றாடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கம்பெனி ஆட்களிடமே கொடுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பிரதீப் அப்படிப்பட்ட ஒரு காரில் வந்து இறங்கினார். கூட அவர் மனைவி சுபஸ்ரீ, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவிநாசியில் ஏதோ விசேஷமாம், போகிற வழி. பிரதீப் சிரிக்காமல் நேராக ஈஸ்வரமூர்த்தியின் அறைக்குள் போய்விட்டார். சுபஸ்ரீ குழந்தைக்குத் தண்ணீர் கேட்டு மேலே வந்தாள். தெய்வாத்தாள் அவளுக்கு மோர் கொடுத்தாள்.

"எங்க கார் சீட்டெல்லாம் நீங்க தெச்சதாமுங்களா? இவரு சொன்னாரு. எவ்வளவு கெட்டியாத் தெச்சிருக்கீங்க! இவ பிடிச்சு இழுக்காத இழுப்பு இல்லீங்க, ஒரு நூலு வரலை."

"நம்ம கை அப்படீங்க" என்றாள் தெய்வாத்தாள். சொல்லும்போது தலை நிமிர்ந்தே இருந்தது.

சுபஸ்ரீ கீழே போய் வேப்பமர நிழலில் நின்ற காரில், முன் சீட்டில், குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மேலே பிரதீப் லைனை நிறுத்தச் சொன்னார். எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து லேப்டாப்பைத் திருப்பி வைத்தார்.

ஒரு காருக்குள் மனித உருவத்தில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் ஒரு பெரிய இரும்புப் பலகை வந்து மோதியது. முதலில் சரியாகத் தைத்த சீட்டு. மோதிய கணமே சீட்டின் ஓரத் தையல் பிரிந்து, வெள்ளைப் பை ஒன்று, வேல்விழி சொன்ன அந்தப் பலூன்தான், புசுக்கென்று ஊதிக்கொண்டு வந்து பொம்மைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றது. தலை அதில் போய்ப் பதமாகச் சாய்ந்தது. அடுத்தது நல்லூர் சீட்டு. ஓரம் புடைத்தது, புடைத்துக்கொண்டே நின்றது, பிரியவில்லை. பை பின்பக்கம் பஞ்சைக் கிழித்துக்கொண்டு எங்கோ போனது. பொம்மையின் தலை கதவில் போய் அடித்தது. பொம்மைக்கு யாரோ பருத்தி பனியன் போட்டுவிட்டிருந்தார்கள். தெய்வாத்தாளின் கண் பழக்கத்தில் அதன் அக்குளுக்குப் போயிற்று. அந்தத் தையல் பிரியாமல் இருந்தது. தலை அடிபட்டுக் கிடக்கும்போது அதைப் பார்த்துத் தொலைத்த தன் கண்ணை அவள் பிற்பாடு எத்தனையோ முறை சபித்திருக்கிறாள்.

பிரதீப் தன் தோள்பையிலிருந்து அந்தச் சீட்டின் உறையை எடுத்து உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பச்சை நூலை ஒட்டி, அழகாக, ஒரே நேர்கோட்டில், கெட்டி வரிசை.

"யாருங்க இது?"

ஈஸ்வரமூர்த்தி உறையைப் பார்த்தார், தெய்வாத்தாளைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவளைக் காப்பாற்றவோ, ஆர்டரைக் காப்பாற்றவோ, அவர் முந்திக்கொண்டார்.

"ரஞ்சன்னு ஒரு ஒடிசாப் பையனுங்க. தெரியாம ஓட்டிப்போட்டானாட்ட இருக்குது. ஊருக்குப் போயிட்டான், இனி அவனை உள்ளயே சேக்கமாட்டேனுங்க."

ரஞ்சன் கட்டிங்கில் வேலை செய்பவன். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். சீட்டுத் துணியை வெட்டியதோடு சரி, மிஷினில் உட்கார்ந்ததே இல்லை. தெய்வாத்தாளை அக்கா என்பதற்கு 'தீதி, தீதி' என்று சுற்றி வருவான்.

"இதுவரைக்கும் ஒண்ணைத்தான் மோதிப் பாத்திருக்கறோமுங்க. அந்த ஒண்ணு மட்டுந்தானுங்களா? மத்ததெல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"சுத்தமுங்க. அக்கா பாக்காம ஒண்ணும் வெளிய போகாது" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

பிரதீப் தெய்வாத்தாளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஆம், ஆட்டினாள். அதே தலை, அதே ஆட்டல். கூட்டத்துக்குப் பின்னால் வேல்விழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை சொன்னதற்குக் கிடைத்த சிரிப்பு போதும் என்று நினைத்திருப்பாள்.

"அப்பச் சரிங்க. ரோட்ல ஓடற வண்டியெல்லாம் அடுத்த வாரம் சர்வீஸுக்கு வரும், அப்ப பாத்துக்கலாம்" என்று பிரதீப் பெருமூச்சு விட்டார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் இறங்கியது. லேப்டாப்பை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

தெய்வாத்தாள் ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே கார் கதவு திறந்தது, மூடியது. முன் கண்ணாடி வழியாகக் குழந்தையின் கால் தெரிந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. குழந்தையின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. கார் கிளம்பியது. வாசலைத் தாண்டியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். 'போகட்டும், அடுத்த வாரம் பார்த்துவிடுவார்கள், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாகத் தன் மேல் அருவருப்பு வந்தது.

அப்புறம்தான் ஓடினாள். படியில் ஒரு செருப்பு, வாசலில் ஒரு செருப்பு என்று விட்டுவிட்டு, ஐம்பது வயதுப் பெண்பிள்ளை தெருவில் கத்திக்கொண்டு ஓடியதை நல்லூரே நின்று பார்த்தது. தெரு முனையில் துணி ரோல் ஏற்றிய டெம்போ ஒன்று குறுக்கே நின்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் கார் நின்றது. அந்த டெம்போ மட்டும் நிற்காமல் இருந்திருந்தால் கார் அவிநாசி ரோட்டைப் பிடித்திருக்கும். அவளுடைய நேர்மை அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை, ஒரு டெம்போதான் நிறுத்தியது. இதை அவள் யார் ஆறுதல் சொன்னாலும் மறுத்துச் சொல்வாள்.

காரின் கண்ணாடியைத் தட்டினாள். மூச்சு வாங்கியது.

"எறங்குங்க அம்மிணி. புள்ளையத் தூக்கீட்டு மொதல்ல எறங்குங்க."

சுபஸ்ரீ ஒன்றும் புரியாமல் இறங்கினாள். தெய்வாத்தாள் குனிந்து சீட்டின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். துணிக்கு அடியில் அந்த வரிசை, தடிப்பாக, கட்டுக் குலையாமல் இருந்தது.

"இதுலயும் இருக்குதுங்க தம்பி. எல்லாத்துலயும் இருக்குது. ரஞ்சன் பண்ணலைங்க. வேலு வேண்டாம்னு சொன்னா, நாந்தான் ஓட்டச் சொன்னேன். நீங்க சொன்னது எனக்கு அன்னைக்குப் புரியலைங்க. புரிஞ்சுதுன்னு பொய் சொல்லிப்போட்டேன். இப்ப மேலயும் பொய்யாத் தலையாட்டுனேன்."

பிரதீப் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வெறும் சீட்டைப் பார்த்தார், மனைவியின் தோளில் தூங்கும் குழந்தையைப் பார்த்தார், தெருவிலேயே நின்று செல்போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "வண்டியை எடுக்காதே. இல்லை, இப்பவே ஓரமா நிறுத்து." ஒரு ஆள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அந்த ஆள் எடுக்கும்வரை தெய்வாத்தாள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நின்றாள். வெயில் சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் ஈஸ்வரமூர்த்தியும் பெண்களும் வந்து நின்றது மட்டும் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

சுபஸ்ரீதான் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "அழுவாதீங்கம்மா. தையலு நல்லாக் கெட்டியாத்தானே இருக்குது, அதுக்கு ஏன் இப்படி?" என்றாள். தெய்வாத்தாளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் கார் வேண்டாம் என்று பஸ்ஸில் போனார்கள். ஆர்டர் கை நழுவிப் போகவில்லை, ஆனால் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கார் வெளிவரும் நாள் தள்ளிப் போனது. இத்தனை பேர் இத்தனை வருடம் பாடுபட்டு ஒரு காரை நம்முடையது ஆக்கப் பார்த்ததில், தன்னுடைய ஒரு முழத் தையல் குறுக்கே விழுந்துவிட்டது என்று அவள் கருப்புசாமியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ரஞ்சனுக்குப் போன் போட்டு, அவன் பேரில் ஒரு பழி வந்து போனதைச் சொன்னாள். அவனுக்கு அதுவே தெரியாது. "பரவாயில்ல தீதி" என்று சிரித்தான். அது இன்னும் மோசம்.

தையலை எண்ணும் மிஷின் வந்து, பிரதீப் மறுபடி சோதனைத் தவணை கொடுத்த அன்று, ஈஸ்வரமூர்த்தி அவளைத்தான் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். வேல்விழியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள். தான் போய்க் கைமடிப் பெண்கள் உட்காரும் பலகையில், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னைக்கு உன்னையச் சொல்ல விடலை. எல்லாரையுஞ் சிரிக்க வெச்சேன். இப்பச் சொல்லு கண்ணு, அந்தப் பலூனு எதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. வேல்விழி கொஞ்ச நேரம் பாபினை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், பை எங்கே மடிந்து கிடக்கிறது, எந்தப் பக்கம் வர வேண்டும், பச்சை நூல் ஏன் அறுந்து வழிவிட வேண்டும் என்று. படபடவென்று சொல்லி முடித்துவிட்டு, "புரிஞ்சிச்சாக்கா?" என்று கேட்டாள்.

தெய்வாத்தாளின் தலை பழக்கத்தில் ஆடப் போனது. அவள் அதை நிறுத்தினாள்.

"இல்ல கண்ணு, புரியலை" என்றாள், லைன் முழுக்கக் கேட்கும்படி. "இன்னொருக்காச் சொல்லு."